கோடு போடுமுன் ஊரைக் கேளுங்கள்

பொத்துவிலில் மலை உண்டா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. உண்டு. ஆனால் அது மலையகத்து மலை அன்று. கடற்காற்று காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த மணல் மேடு. ஊரவர் அதனை மண்மலை என்றே அழைக்கின்றனர். மண்மலைக்கு முன்னால் வங்கக் கடல். தெற்கே அறுகம்குடாவின் களப்பும் உல்லையும். மேற்கே வயல்வெளியும், அதற்கப்பால் லகுகலைக் காடும் யானைகளும். இந்த எல்லைகளுக்குள்தான் ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைகளுக்கு வீடு கட்ட நிலம் தேடுகிறது.

மேட்டு நிலத்தில் குடியிருப்பு அமைக்க அனுமதி கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால் அதனை ஆராய்வது யார், எந்த மொழியில், யாரைக் கேட்டு, எப்போது முடிவெடுப்பது என்பனவே இப்பத்தியில் நான் எழுப்பும் கேள்விகள். திட்டமிடல் குழு என்ற சொல்லைக் கேட்டதும் வாசகர்களிற் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவர் என்பதை அறிவேன். அலுவலகக் கோப்புகளோடு தொடர்புடைய உலர்ந்த விடயமாக அது தோன்றும். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் அம்பாறைக் கரையோரத்து மக்கள் அடைந்த இழப்புகளிற் கணிசமானவை, அந்தக் கோப்புகள் தவறான நேரத்தில், தவறான மொழியில், தவறான கைகளில் இருந்தமையால் விளைந்தவை.

200 மீற்றர் எப்படி 65 மீற்றர் ஆனது?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிணங்களை அடக்கி முடிக்குமுன்னரே கொழும்பிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் எவரும் வீடு கட்டக்கூடாது என்பதே அது. ஒரே கடல், ஒரே அலை. ஆனால் கிழக்கிலிருப்பவன் மட்டும் இரு மடங்கு பின்வாங்க வேண்டும். ஏன் என்ற கேள்விக்கு ஊர் மக்கள் ஏற்கத்தக்க பதில் அன்று கிடைக்கவில்லை.

சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஆகிய ஊர்களை அறிந்தவர்களுக்கு 200 மீற்றர் என்பதன் பொருள் விளங்கும். ஒருபுறம் கடல், மறுபுறம் வயலும் சதுப்பும். நடுவில் ஒடுங்கிய ஒரு பட்டி நிலம். வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும் அந்தப் பட்டியில் 200 மீற்றரை வெட்டி எடுத்துவிட்டால் எஞ்சுவது எவ்வளவு? மாற்றுக் காணி எங்கே? வயலை நிரப்பினால் வெள்ளம் எங்கே போகும்? அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் கோடு போட்டவருக்கு இக்கேள்விகள் எழவில்லை. ஊரில் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் எழுந்திருக்கும்.

பின்னர் அந்தக் கோடு தளர்ந்தது. அம்பாறைக் கரையோரத்தில் அது 65 மீற்றர் வரை இறங்கி வந்தது. மருதமுனையில் இன்றும் ஒரு குடியிருப்புக்கு '65 மீற்றர் வீட்டுத் திட்டம்' என்றே பெயர். ஊருக்கு மரத்தின் பெயரும் குளத்தின் பெயரும் பெரியவர்களின் பெயரும் வைத்த மக்கள், ஓர் அளவுகோலை ஊர்ப்பெயராகச் சுமந்து திரிகிறார்கள். முதலில் சொன்ன 200 சரியானால் பின்னைய 65 ஆபத்தானது. 65 சரியானால் 200 அநியாயமானது. இரண்டுக்கும் இடையில் எந்த ஆய்வு நின்றது, எந்தக் கூட்டத்தில் எவருடைய வாதம் ஏற்கப்பட்டது என்பது வீடிழந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் கூடாரங்களில் வாழ்ந்தனர்.

ஆங்கிலத்தில் வந்த எதிர்காலம்

பொத்துவிலின் கதை இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2005 ஏப்ரலில், அலை அடித்து நான்கு மாதங்களுக்குள், அறுகம்குடாவுக்கென ஒரு வள அபிவிருத்தித் திட்டம் தயாராகிவிட்டது. வெளிநாட்டு ஆலோசகர்கள் வரைந்த திட்டம். உயர்தர விடுதிகள், மிதவை விமானங்களுக்கான இறங்குதுறை, ஹெலிகொப்டர் தளம் எனப் பல வண்ணப் படங்கள் அதில் இருந்தன. மொழி ஆங்கிலம். எவருடைய கரையில் அவை எழும்ப இருந்தனவோ அந்த மீனவர் குடும்பங்கள் அப்போது, தம் பழைய வளவுக்குத் திரும்பலாமா கூடாதா என்று தெரியாமல் காத்திருந்தன. கனடிய எழுத்தாளர் நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட 'த ஷொக் டொக்ரின்' என்னும் நூலில் ஆழிப்பேரலைக்குப் பிந்திய இலங்கைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அதனை அறுகம்குடாவை மையமாக வைத்தே எழுதினார். உலகம் படித்துக்கொண்ட அந்தத் திட்டத்தைப் பொத்துவிலில் தமிழில் படிக்க வழியிருக்கவில்லை.

அத்திட்டத்திற் பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றுவிட்டது. அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்டு 2008இல் திறக்கப்பட்ட அறுகம்குடாப் பாலம் போன்ற சில மட்டுமே நிறைவேறின. பாலம் நல்லது. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் நிறைவேறாத திட்டமும் ஒரு வடுவை விட்டுச்செல்கிறது. அதன்பின் அரசு எந்த நோக்கத்துக்காக நிலத்தை அளக்க வந்தாலும், நம்மை அப்புறப்படுத்தத்தான் வருகிறார்கள் என்றே ஊர் எண்ணுகிறது. அந்த எண்ணத்தை வீண் சந்தேகம் என்று தள்ளிவிடவும் முடியாது. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையில் 2010 ஜூலையில் றாகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களிலிருந்து குடும்பங்கள் விரட்டப்பட்டன. 340 ஏக்கரை விடுவிக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் நிலத்தில் இறங்காததால் 2016 மார்ச்சில் மக்கள் தாமாகவே றாகம்வெலவுக்குள் திரும்பிச் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகளும் மீனவர்களும் என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்காமல் கோடு போடும் பழக்கம் இனம் பார்ப்பதில்லை. வலு இல்லாதவனையே அது பார்க்கிறது.

மண்மலையில் இன்னொரு கோடும் உண்டு. அங்கே பண்டைய பௌத்த விகாரை ஒன்றின் எச்சங்கள் இருக்கின்றன. முகுது மகா விகாரை எனப்படும் அவ்விடம் பேணப்பட வேண்டியது என்பதில் நியாயமுள்ள எவருக்கும் மறுப்பிராது. தகராறு, பேணலைப் பற்றியதன்று, எல்லையைப் பற்றியது. அயலில் குடியிருக்கும் முஸ்லிம் குடும்பங்களின் வளவுகள் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதே வினா. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளை முகாமை செய்யவென ஜனாதிபதி செயலணி ஒன்று 11 பேருடன் நியமிக்கப்பட்டபோது, தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. அப்படி அமைந்த ஒரு சபை எவ்வளவு சரியான எல்லையை வரைந்தாலும் அதை ஊர் எப்படி நம்பும்?

மேடு வெறும் மணல் அன்று

மண்மலையைப் பேண வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பழைமையோடு அன்றி உயிரோடு தொடர்புடையது. ஆழிப்பேரலைக்குப் பின் 2005 ஜனவரியில் இலங்கைக் கரையை ஆராய்ந்த சர்வதேச அறிஞர் குழு, யால பகுதியில் ஒன்றைக் கண்டது. கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு விடுதிக்கு முன்னிருந்த மணல் மேட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தது. அலை அந்த விடுதியை முற்றாக அழித்துவிட்டது. மேடு ஊருக்கு அணை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மணல் மேட்டை ஓரிடத்தில் வெட்டினால் காற்றும் நீரும் அந்த வாயிலை அகலப்படுத்திக்கொண்டே போகும். அடம்பன்கொடியும் தாழையும் பிடித்து நிற்கும் மணலை, ஒரு மண்வாரி இயந்திரம் ஒரு காலையில் அவிழ்த்துவிடும்.

கல்மலையும் அப்படித்தான். பொத்துவிலிலிருந்து ஏ4 நெடுஞ்சாலையில் மேற்கே பயணித்தால் மொனராகலை, வெல்லவாய தாண்டிக் கொஸ்லாந்தை வரும். அங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆய்வு இருந்தது. அறிக்கை இருந்தது. போவதற்கு மாற்று நிலம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகமெங்கும் அதே கதை பன்மடங்காகத் திரும்பியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் நாடு 600க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது.

மலேசியத் தமிழ் வாசகர்களுக்கு ஹைலண்ட் டவர்ஸ் என்ற பெயர் நினைவிருக்கும். கோலாலம்பூருக்கு அருகே உலு கிள்ளானில் மலைச்சரிவின் அடியில் நின்ற மூன்று 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று 1993 டிசம்பர் 11 அன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். கட்டடத்துக்குப் பின்னாலிருந்த சரிவில் காடு வெட்டப்பட்டு, நீரோட்டம் திசைமாறியிருந்தது. வீடு வாங்கியவர்கள் நீதிமன்றம் சென்றனர். அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதன்மேல் பொறுப்புச் சுமத்த இயலாது என்று 2006இல் அந்நாட்டின் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை நம் ஊர் மக்கள் நன்றாக மனத்திற்கொள்ள வேண்டும். அனுமதி கொடுத்த பின் எவரையும் பிடிக்க முடியாமற் போகலாம். கேள்வி கேட்கவேண்டிய நேரம் அனுமதிக்கு முந்தியது.

சட்டம் எவ்வளவு தூரம் வருகிறது?

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் உண்டு. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டப்படி கடல் உயர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ப் பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அந்த அறிக்கை பற்றி வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, 30 நாள் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1993ஆம் ஆண்டு வர்த்தமானியில் வீட்டுத் திட்டத்துக்கு இடப்பட்ட எல்லை 1,000 வீடுகள். அதற்கு மேற்பட்டால்தான் அந்தக் கட்டாயம். விடுதியானால் 99 அறைகளுக்கு மேல். சூழல் ரீதியாக உணர்திறன் மிக்க இடங்களுக்குத் தனி விதி உண்டு என்றாலும், அவ்விடம் அந்த வரையறைக்குள் வருகிறதா என்று தீர்மானிப்பதும் அலுவலகமே. ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்ற சிறிய வகை அறிக்கைக்கு மக்களின் கருத்தைக் கேட்கும் கட்டாயம் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. ஆகவே பொத்துவில் போன்ற ஓர் ஊரில் 50 வீடோ 200 வீடோ கொண்ட திட்டம் வந்தால், அதனை ஊர் சார்பில் ஆராயும் கடைசி வாசல் பிரதேச சபையின் திட்டமிடல் குழுதான்.

அந்த வாசலில் யார் நின்றார்கள்? 2018இல் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 அன்றுதான் நடந்தது. இடையிலிருந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் மக்கள் தெரிவுசெய்த ஓர் உறுப்பினர்கூட எந்தக் குழுவிலும் இல்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலேயே முடிந்து, பின்னர் பல ஆண்டுகள் தேர்தலின்றிக் கிடந்தது. சபையில்லாத ஊரில் கோப்பு நின்றுவிடுவதில்லை. அது உத்தியோகத்தரின் மேசையிலிருந்து இன்னோர் உத்தியோகத்தரின் மேசைக்கு அமைதியாக நகர்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. வரி கட்டும் பத்திரத்தில் தமிழ் இருக்கிறது. ஆனால் நிலத்தின் தலைவிதியை எழுதும் தொழில்நுட்ப அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. ஊர்க் கூட்டத்தில் அதன் சாரம் என்று ஒருவர் ஐந்து நிமிடம் பேசுகிறார். அதற்குப் பெயர் கலந்தாலோசனை.

ஊருக்குத் தெரிந்தது

ஊரைக் கேட்பதால் என்ன புதிதாகத் தெரிந்துவிடும், மக்களுக்கு நிலவியல் தெரியுமா என்று சில அதிகாரிகள் வினவுவர். ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அம்பாறைக் கரையோர முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் வீடு பெண்ணுக்கு உரியது. மகளின் திருமணத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் கடமை. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருகிறார். ஆழிப்பேரலைக்குப் பின் வீட்டுத் திட்டங்கள் வந்தபோது குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் உறுதி எழுதும் வழக்கத்தோடு வந்தன. தலைமுறை தலைமுறையாகப் பெண் வழியில் இருந்த உடைமை ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கைமாறியது. மூன்று குமர்களை வைத்திருக்கும் வீட்டுக்கு எதிர்காலத்தில் மூன்று வளவுகள் தேவைப்படும் என்ற கணக்கும் எந்தத் திட்டத்திலும் இருக்கவில்லை. இதனை அறிய நிபுணர் வேண்டியதில்லை. ஊரிலுள்ள எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

அப்படியே, மாரியில் நீர் எந்த வழியாக இறங்கும், யானை எந்த வழியாக வரும், எந்த மேட்டில் கிணறு தோண்டினால் உப்புக் கலக்கும் என்பனவும் ஊருக்குத் தெரியும். நிபுணரின் அறிவுக்கு அது மாற்றீடு அன்று. ஆனால் அது இல்லாத அறிக்கை பாதி அறிக்கை.

முன்கூட்டிக் கேட்காததன் விலைக்கு அக்கரைப்பற்று நுரைச்சோலை சாட்சி. சவூதி அரேபியாவின் நிதியில், ஆழிப்பேரலையால் வீடிழந்தோருக்கென அங்கே 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலை, மருத்துவமனை, பள்ளிவாசல் எல்லாம் எழுந்தன. தீகவாபிக்கு அண்மையில் ஒரே சமூகத்தவருக்கு வீடு வழங்குவதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் பகிர்வைப் புதிதாகச் செய்யவேண்டும் என்றது. வீடுகள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் புதர் மண்டிப் பூட்டிக் கிடந்தன. எதிர்ப்பு நியாயமா அநியாயமா என்பது வேறு விவாதம். அத்திவாரம் போடுமுன் இரு சமூகத்தவரையும் ஒரே கூடத்தில் இருத்தி, காணி எது, யாருக்கு, ஏன் என்று வெளிப்படையாகப் பேசியிருந்தால், அந்த 500 குடும்பங்களின் ஒரு தலைமுறை வீணாகியிராது.

நம் பக்கமும் குற்றம் உண்டு

எல்லாப் பழியையும் கொழும்பின்மேல் போடுவது எளிது. அது முழு உண்மை ஆகாது. உல்லைக் கரையில் அலை தொடும் தூரம்வரை கட்டடம் எழுப்பியவர்களிற் பலர் உள்ளூர்க்காரர்களே. மேட்டிலிருந்து மணல் ஏற்றிச் சென்ற உழவு இயந்திரங்களும் நம்முடையவையே. விண்ணப்பம் போடாமற் கட்டிவிட்டுப் பின்னர் அரசியல்வாதியைப் பிடித்து அனுமதி வாங்குவது சாமர்த்தியம் என்று பெயர் பெற்றுவிட்டது. அப்படிப் பழகிய ஊர், நாளை பெரிய முதலீட்டாளன் ஒருவன் அதே வழியில் வரும்போது எந்த வாயால் தடுக்கும்?

திட்டமிடல் ஆய்வு என்றாலே தாமதம், தாமதம் ஏழையைத்தான் வருத்தும் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஒரு சிறிய வீட்டுக்கு அனுமதி பெறக் கரையோரத் திணைக்களம், பிரதேச செயலகம், வனத் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம் என்று அலைந்தவர்களின் கால்வலியை நான் அறிவேன். ஆனால் அந்தத் தாமதம் மக்களைக் கேட்டதால் வந்ததன்று. திணைக்களங்கள் தமக்குள் பேசாததால் வந்தது. சிறிய வீட்டுக்கு விரைவான வழியும், மேட்டை வெட்டும் பெரிய திட்டத்துக்குக் கண்டிப்பான வழியும் வேறு வேறாக இருக்க வேண்டும். இன்று நடப்பது தலைகீழானது. சிறியவன் வரிசையில் நிற்கிறான். பெரியவனின் கோப்பு நடந்து செல்கிறது.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2025இல் தெரிவான உறுப்பினர்கள் இருக்கும் பிரதேச சபை தன் தீர்மானத்தாலேயே சிலவற்றைத் தொடங்கலாம். மணல் மேட்டிலோ பாறைச் சரிவிலோ களப்போரத்திலோ ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பம் வந்தால், அதன் சாரத்தையும் வரைபடத்தையும் தமிழில் சபை அறிவித்தல் பலகையிலும் பொது நூலகத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் விகாரையிலும் வைக்கலாம். முடிவுக்கு முன் ஒரு நாள் குழுவினர் அந்த மேட்டிலேயே நின்று அயலவரைக் கேட்கலாம். பெண்களுக்கு வசதியான நேரத்தில் அதை நடத்தலாம். எழுந்த ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை, காரணம் இது என்று எழுத்தில் பதில் தரலாம். ஊர் தன் பங்குக்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். கட்டடம் எழும்பிய பின் சுவரொட்டி ஒட்டுவதைவிட, விண்ணப்பம் வந்த வாரத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதுவது பயன் தரும்.

கரை கடந்து வாழும் பொத்துவில், கல்முனைப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உங்கள் தெருவில் ஒரு மாடி கூடுதலாகக் கட்ட ஒருவர் விண்ணப்பித்தால் உங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. ஆட்சேபம் உண்டானால் இன்ன திகதிக்குள் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அதனைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறீர்கள். உங்கள் தாயும் சகோதரியும் வாழும் ஊரில் அந்தக் கடிதம் எவருக்கும் வருவதில்லை. விடுமுறையில் வந்து பிரதேச சபைக்குச் செல்ல நேர்ந்தால், அது ஏன் இங்கே வருவதில்லை என்று தவிசாளரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.